பழைய பெங்களூரில் எங்கே தங்குவது?

பெங்களூருக்கு வரும் தமிழர்களில் பலருக்குத் தங்குமிடம் ஒரு கேள்வியே இல்லை. உறவினர் வீடு இருக்கும். இல்லாவிட்டால் மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜ், அல்லது அலுவலகமே எடுத்துக் கொடுக்கும் அறை. ஊரைப் பார்ப்பதற்கென்றே இரண்டு மூன்று நாள் ஒதுக்கி வருகிறவர்களுக்காக இந்த அத்தியாயம். பத்துப் பதினைந்து அறை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, முதலாளியோ மேலாளரோ காலையில் நேரில் வந்து பேசும் அளவுக்குச் சிறிய இடம். இதைத்தான் இப்போது பூட்டிக் ஹோட்டல் என்கிறார்கள். பெங்களூரில் இவற்றில் சில உண்மையிலேயே நூறாண்டுப் பழைய வீடுகள். மற்றவை போன வருஷம் கட்டி, பழைய கதவு வாங்கி மாட்டியவை. போட்டோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

பெரும்பாலோர் விலையில் தொடங்குகிறார்கள். பிறகு போட்டோ, பிறகு நட்சத்திரம். பெங்களூரில் இந்த வரிசை கைகொடுக்காது. முதலில் பகுதி, அடுத்து வீடு, அதற்கடுத்து அறை, கடைசியில் விலை. அழகான அறை தவறான பகுதியில் அமைந்துவிட்டால், ஊரைப் பார்ப்பதைவிட அதிக நேரம் சிக்னலில்தான் கழியும்.

ஊர் ஒன்றல்ல, இரண்டு

தாய்லாந்தின் சியாங் மாய்க்குப் போகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1296-இல் மெங்ராய் அரசர் நிறுவிய அந்த ஊரின் பழைய பகுதியைச் சுற்றி இன்றும் சதுரமாக அகழி ஓடுகிறது. அகழிக்கு உள்ளே தங்குவதா வெளியே தங்குவதா என்று தீர்மானித்தாலே பாதி வேலை முடிந்தது. பெங்களூரிலும் கோட்டை இருந்தது. 1537-இல் கெம்பே கௌடா கட்டியது மண்கோட்டை. ஹைதர் அலி அதைக் கல்கோட்டையாக்கினார். 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸின் படை அதைப் பிடித்தது. இன்று கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் டெல்லி வாசலும் கொஞ்சம் மதிலும்தான் மிச்சம். ஆகவே பழைய ஊர் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இங்கே கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆனாலும் ஒரு கோடு உண்டு. அது கப்பன் பார்க். பூங்காவுக்கு மேற்கே கெம்பே கௌடாவின் பேட்டை: சிக்பேட்டை, பளேபேட்டை, நகரத்பேட்டை, அவென்யூ ரோடு. கிழக்கே 1809-இல் ஆங்கிலேயர் தொடங்கிய கண்டோன்மென்ட்: எம்.ஜி. ரோடு, சிவாஜிநகர், அல்சூர், ரிச்மண்ட் டவுன், பிரேசர் டவுன். மேற்கு மைசூர் அரசரின் ஊர். கிழக்கு வெள்ளைக்காரர் நிர்வாகம். 1947-இல்தான் கண்டோன்மென்ட் மைசூர் அரசிடம் திரும்பி வந்தது. 1949-இல் இரண்டு நகராட்சிகளும் ஒன்றாயின. சாப்பாடு, பேச்சு, வீட்டின் அமைப்பு, கோயில், கடை திறக்கும் நேரம் என்று எல்லாவற்றிலும் அந்த வேறுபாடு இன்னும் தெரிகிறது. பெங்களூரில் தங்க இடம் தேடுகிறவர் இந்த இரண்டில் எதைப் பார்க்க வருகிறோம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். இரண்டையும் பார்க்க ஆசை இருந்தால் மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்கள். பர்ப்பிள் லைன் இரண்டு ஊரையும் இணைக்கிறது. கிரீன் லைன் மல்லேஸ்வரம், பேட்டை, லால்பாக், பசவனகுடி என்று பழைய மைசூர் பக்கத்து ஊரை மேலிருந்து கீழாகத் தொடுகிறது. இரண்டும் மெஜஸ்டிக்கில் சந்திக்கின்றன.

மேற்குப் பக்கம் தங்கினால்

பேட்டைக்குள்ளேயே தங்க வேண்டும் என்று சிலர் ஆசைப்படுவார்கள். ஆசை நியாயமானது. விடியுமுன் கே.ஆர். மார்க்கெட்டில் பூ வந்து இறங்குவதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் பேட்டையில் இருப்பவை வியாபாரிகளுக்கான லாட்ஜுகள். சரக்கு எடுக்க வருகிறவர்கள் ஓர் இரவு படுத்து எழுந்து போவதற்கானவை. சந்துகளில் கார் நுழையாது. பகல் முழுக்கச் சுமை வண்டிகள். குடும்பத்தோடு வருகிறவர்கள் பேட்டையைக் காலையில் நடந்து பார்க்கலாம். படுப்பதற்கு வேறு இடம் போய்விடலாம். ஒரே ஓர் இரவு மட்டும் விதிவிலக்கு: கன்னட நாள்காட்டியின் சைத்ர மாதப் பௌர்ணமியில் தர்மராயர் கோயில் கரக ஊர்வலம் புறப்படும் இரவு. அன்று விடிய விடியப் பேட்டை விழித்திருக்கும். அதற்காகவே வருகிறீர்கள் என்றால் கட்டில் எப்படி இருந்தால் என்ன?

மல்லேஸ்வரமும் பசவனகுடியும்தான் மேற்குப் பக்கத்தில் தங்குவதற்கு ஏற்றவை. 1898-இல் பிளேக் நோய் வந்து பேட்டையில் ஜனங்கள் மடிந்தபோது, காற்றோட்டமாகவும் இடைவெளி விட்டும் திட்டமிட்டு எழுப்பிய பகுதிகள் இவை இரண்டும். நேரான குறுக்குத் தெருக்கள், வாசலில் திண்ணை, பக்கத்தில் கோயில். விடுதிகள் இங்கே குறைவு. இருப்பவையும் வீட்டின் ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுப்பவை. ஆனால் காலை ஆறு மணிக்குக் காந்தி பஜாரில் நடந்து பாருங்கள்: கட்டுக் கட்டாக வாழையிலை, மல்லிகைப் பந்து, 1943-இலிருந்து தோசை வார்க்கும் வித்யார்த்தி பவன் வாசலில் காத்திருக்கும் கூட்டம். இந்தக் காலைப் பொழுதுக்காகவே பசவனகுடியில் தங்கலாம். கன்னட நாள்காட்டியின் கார்த்திக மாதக் கடைசித் திங்களில் காளை கோயில் பக்கம் கடலைக்காய்ச் சந்தை கூடும்போது தெருவில் நடக்க இடமிருக்காது. அந்த வாரம் வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்தப் பகுதிகளில் தங்குகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலை உணவு சேர்த்த கட்டணம் வேண்டாம், அறை வாடகை மட்டும் போதும் என்று சொல்லி எடுங்கள். விடுதியின் ரொட்டியும் முட்டையும் தின்றுவிட்டுப் போனால் மல்லேஸ்வரம் சி.டி.ஆரில் பெண்ணெ (வெண்ணெய்) தோசை தின்ன வயிற்றில் இடம் இருக்காது. விடுமுறை நாள்களையும் தெரிந்துகொள்ளுங்கள்: வித்யார்த்தி பவனுக்கு வெள்ளி, லால்பாக் ரோடு எம்.டி.ஆருக்குத் திங்கள், சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறு.

கிழக்குப் பக்கம் தங்கினால்

தமிழருக்குக் கண்டோன்மென்ட் புதிய ஊரே அல்ல. ஆங்கிலேயரின் படையோடு வந்த சிப்பாய்கள், ஒப்பந்தக்காரர்கள், வியாபாரிகள் என்று பெருந்தொகையான தமிழர்கள் இங்கே குடியேறினார்கள். இன்றைய உயர் நீதிமன்றமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-இல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அல்சூரில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், ஏரிக்கரைப் பக்கம் 2009-இல் திறந்த திருவள்ளுவர் சிலை, சிவாஜிநகரில் செப்டம்பர் 8-ஆம் தேதி மரியன்னை பேராலயத் திருவிழா. இந்தப் பக்கத்து விடுதியில் ரூம் பாயிடம் தமிழில் பேசலாம். பெரும்பாலும் தமிழிலேயே பதில் வரும்.

பழைய பங்களாக்கள் அதிகம் மிஞ்சியிருப்பதும் இந்தப் பக்கம்தான். ரிச்மண்ட் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் தெருக்களில் நடந்தால் ஜன்னல்களுக்கு மேலே கூம்பாக, மரச்சட்டம் வைத்த கூரைத் தொப்பி தெரியும். மங்கி டாப் என்பார்கள். வெயிலும் மழையும் உள்ளே வராமல் காற்று மட்டும் வருவதற்காக வைத்தது. பெங்களூர் பங்களாவின் அடையாளமே அதுதான். ரிச்மண்ட் டவுனில் காசா காட்டேஜ் போல, பழைய பங்களாவையே விடுதியாக நடத்தும் இடங்கள் சில உண்டு. ஜெயமஹால் ரோட்டில், குஜராத்தின் கோண்டல் சமஸ்தானத்தாருடைய மாளிகை ஜெயமஹால் பேலஸ் ஹோட்டலாக இருக்கிறது. மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் அது, திருமணங்களுக்கும் விடுவார்கள். முகூர்த்த நாளில் அறை எடுக்கிறவர்கள் அன்று புல்வெளியில் விழா ஏதும் உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது.

கண்டோன்மென்டில் தங்குகிறவர் சத்தத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். சர்ச் ஸ்ட்ரீட், பிரிகேட் ரோடு பக்கம் மதுக்கூடங்கள் இரவு 1 மணி வரை இயங்கும். தெரு அடங்க அதற்கு மேலும் ஆகும். பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டில் ரம்ஜான் மாதம் முழுக்க இரவுச் சாப்பாட்டுக் கடைகள். அந்தக் கூட்டத்தைப் பார்க்க வருகிறவருக்கு அது வரம். கைக்குழந்தையோடு வருகிறவருக்கு அல்ல. விநாயகர் ஊர்வலம் அல்சூர் ஏரிக்கு வரும் நாள்களும் அப்படியே. தெருப் பக்கத்து அறையா, பின்பக்கத்து அறையா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

நகரத்தின் பெரிய பெயர்கள்

சிறிய விடுதிகளை எடைபோடத் தெரிய வேண்டும் என்றால் ஊரின் மூன்று பெரிய ஹோட்டல்களைத் தெரிந்து வைத்துக்கொள்வது உதவும். அங்கே தங்காவிட்டாலும் சரி. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் உள்ள தாஜ் வெஸ்ட் எண்ட் 1887-இல் பிரான்சன் என்ற ஆங்கிலப் பெண்மணி பத்து அறைகளோடு தொடங்கிய விடுதி. 1912-இல் நம் சென்னை ஸ்பென்சர் நிறுவனம் அதை வாங்கியது. இன்று சுமார் 20 ஏக்கர் மரநிழல் அது. பழைய வீடு வளர்ந்து ஹோட்டலானதற்கு இதுதான் உதாரணம். ஐ.டி.சி. விண்ட்சர், பார்த்தால் பழைய ஆங்கிலேய மாளிகை. ஆனால் 1982-இல் திறந்த கட்டடம். பழமையின் தோற்றத்தைப் புதிதாக, நல்ல தரத்தில் கட்டியது. எம்.ஜி. ரோட்டிலுள்ள தி பார்க், பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் டெரன்ஸ் கான்ரனின் நிறுவனம் 2000 வாக்கில் வடிவமைத்தது. பழமையையே நாடாமல் நிறத்தாலும் துணியாலும் தனித்தன்மை தேடியது. பெங்களூரின் எந்தச் சிறிய விடுதியும் இந்த மூன்று வழியில் ஒன்றில்தான் போகிறது. நீங்கள் பார்க்கும் விடுதி எந்த வழி என்று கண்டுபிடித்துவிட்டால், எந்த விலைக்கு எதை எதிர்பார்க்கலாம் என்பதும் விளங்கிவிடும்.

சென்னை, கோவை, மதுரையில் ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்கிறீர்களா? உங்கள் கிளப்பின் செயலரிடம் பெங்களூரில் எந்தக் கிளப்போடு உடன்பாடு இருக்கிறது என்று கேளுங்கள். 1868-இல் தொடங்கிய பெங்களூர் கிளப், பௌரிங் இன்ஸ்டிட்யூட், 1917-இன் செஞ்சுரி கிளப் போன்றவை பழைய கட்டடங்கள், நகரின் நடுவில் இருப்பவை. இளம் அதிகாரியாக இங்கே இருந்த சர்ச்சில் 13 ரூபாய் பாக்கி வைத்துப் போனதாகப் பெங்களூர் கிளப்பின் பழைய பேரேட்டில் பதிவு இருக்கிறது. உடை ஒழுங்கு கறாராக இருக்கும். செருப்பு, வேட்டி பற்றி முன்பே விசாரித்துக்கொண்டு போங்கள்.

உண்மையான பழைய வீடா?

விடுதியின் வாசலில் நின்று ஐந்து நிமிடத்தில் இதைத் தெரிந்துகொள்ளலாம். ஜன்னல் ஓரச் சுவரின் கனத்தைக் கையால் அளந்து பாருங்கள். பழைய வீட்டில் ஒரு முழத்துக்குக் குறையாது. ஜன்னல் திட்டில் உட்காரலாம். தலைக்கு மேலே நெருக்கமான மர விட்டங்களும் அவற்றின்மேல் சாய்த்து அடுக்கிய செங்கல்லும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். தரை சிவப்பு ஆக்சைடு என்றால் நடந்து நடந்து மெருகேறிய பாதை ஒன்று கதவிலிருந்து கதவுக்கு ஓடும். மயிரிழை போல விரிசல்களும் இருக்கும். புதிதாகப் போட்ட சிவப்புத் தரை ஒரே சீராகப் பளபளக்கும். ஓட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 1865 முதல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் சுட்ட அதே வடிவ ஓடு இன்றும் விற்பனைக்குக் கிடைக்கிறது. எந்தப் புதுக் கட்டடத்தின் மேலும் அதைப் பரப்பலாம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களா விடுதி. முகப்பில் மங்கி டாப், வாசலில் பவழமல்லி, வரவேற்பறையில் பழைய சாய்வு நாற்காலி. ஒரு உறவினர் குடும்பத்துக்காக அறை பார்க்கப் போயிருந்தேன். மேலாளர் சேலத்துக்காரர்.

“அம்மா, போட்டோவில் பார்த்த அறைதானே உங்களுக்கு வேணும்?”

“ஆமாங்க. இந்த முன்பக்கத்து அறை.”

“அந்த மாதிரி மூணு அறைதான் இருக்கு. மத்த ஒன்பதும் பின்னாடி அனெக்ஸ்ல. நீங்க பேர் சொல்லிக் கேட்டாத்தான் முன்னாடி கொடுப்பாங்க.”

பின்பக்கம் கூட்டிப் போனார். மூன்று மாடி கான்கிரீட் கட்டடம், டைல்ஸ் தரை, சுவரில் பங்களாவின் புகைப்படம். வாடகை ஒன்றேதான். அந்த மனிதர் நேர்மையாகச் சொன்னார்; எல்லாரும் சொல்ல மாட்டார்கள். அனெக்ஸ் அறை மட்டம் என்று இல்லை. லிப்ட் இருக்கும், குழாயில் தண்ணீர் வேகமாக வரும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் பழைய வீட்டுக்கென்று பணம் கொடுக்கிறவர் பழைய வீட்டில் படுக்க வேண்டும். எனவே பதிவு செய்யும்போது அறையின் பெயரையோ எண்ணையோ கேட்டு வாங்குங்கள்.

அறைக்குள் பார்க்க வேண்டியவை

பழைய பங்களாக்களில் குளியலறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. விடுதியாக்கியபோது படுக்கையறையில் ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை செய்திருப்பார்கள். குழாய் ஓட இடம் வேண்டி அதன் தரையை அரை அடி உயர்த்தியிருப்பார்கள். பகலில் அந்தப் படி ஒன்றும் பெரிதில்லை. இரவில் தூக்கக் கலக்கத்தில் எழும் வயதானவருக்கு அதுவே ஆபத்து. சிவப்பு ஆக்சைடு தரையில் ஈரக்கால் வைத்தால் வழுக்கும். அப்பா அம்மாவை அழைத்து வருகிறவர்கள் இந்த இரண்டையும் கேளுங்கள்: குளியலறைக்குப் படி உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவே இரவு விளக்கு எரியட்டும். மாடி அறை வேண்டாம். மரப்படிகள் செங்குத்தாக இருக்கும்.

வெந்நீர் அடுத்தது. பெங்களூரின் மொட்டை மாடிகளில் சோலார் வாட்டர் ஹீட்டர் இல்லாத வீடு குறைவு. வெயில் காலத்தில் நன்றாகவே வேலை செய்யும். ஜூலை, ஆகஸ்டில் நாள் கணக்கில் மேகம் மூடிக் கிடக்கும். அப்போது மாலையில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உள்ள ஊர் இது. டிசம்பர், ஜனவரிக் காலைக் குளிர் சென்னைக்காரர்களுக்குக் கடுமையாகவே தெரியும். “சோலார் மட்டுமா, கீசரும் உண்டா?” என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். அதே உயரத்தால் வருஷத்தில் பாதிக்கு மேல் மின்விசிறியே போதும். மார்ச் இறுதி முதல் மே வரை மட்டும் ஏசி இருக்கும் அறையைப் பாருங்கள். அந்த மாதங்களில் பெங்களூர் குளுகுளு ஊர் என்ற பழைய பேச்சை நம்பி வந்து வியர்க்க வேண்டாம். மங்கி டாப் ஜன்னல் காற்றைக் கொண்டுவரும், கூடவே கொசுவையும். வலை அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தண்ணீரைப் பற்றியும் கேட்கத் தயங்காதீர்கள். 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி நகரத்தின் பல பகுதிகள் டேங்கர் லாரியை நம்பி நின்றன. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் திறந்தார்கள். பழைய பகுதிகளில் காவிரி இணைப்பு முன்பே உண்டு. ஆனாலும் கோடையில் தொட்டி நிரம்பச் சில விடுதிகள் டேங்கர் வாங்கும். போர்வெல் தண்ணீர் என்றால் சோப்பு நுரைக்காது.

மழைக்காலத்தில் பழைய வீட்டின் உள்ளே நுழைந்ததும் மூக்கை நம்புங்கள். ஈர வாடை அடித்தால் அலமாரியைத் திறந்து பின்பலகையைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரமாக இருந்தால் வேறு அறை கேளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பணம்

2025 செப்டம்பர் 22 முதல் ஹோட்டல் அறைக்கான ஜி.எஸ்.டி. மாறியது. ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரை 5 சதவீதம். அதற்கு மேல் 18 சதவீதம். பெங்களூரின் நல்ல பூட்டிக் விடுதிகளில் பல இந்த எல்லைக்கு அக்கம்பக்கத்திலேயே இருப்பதால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370; மொத்தம் 7,770. 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. இருநூறு ரூபாய் கூடுதல் அறைக்கு நீங்கள் உண்மையில் கொடுப்பது 1,198 ரூபாய் அதிகம். இரண்டு இரவு தங்குகிறேன், 7,500-க்குள் முடித்துக் கொடுங்கள் என்று கேட்டால் சிறிய விடுதிகள் பல ஒத்துக்கொள்ளும். அவர்களுக்கும் அதில் நஷ்டம் பெரிதில்லை.

சாப்பாட்டு பில்லில் சேவைக் கட்டணம் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அதை எடுக்கச் சொல்லலாம். கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வகுத்த விதியை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதி செய்தது. உங்களை நன்றாகக் கவனித்த பையனுக்குக் கையில் கொடுப்பது வேறு விஷயம், அதை மறக்காதீர்கள். அடையாளத்துக்கு ஆதார் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் நகலைக் கொடுங்கள்.

பெங்களூரில் விலை ஏறி இறங்கும் விதமும் சுற்றுலா ஊர்களுக்கு நேர்மாறு. ஊட்டியிலும் புதுச்சேரியிலும் சனி ஞாயிறு விலை ஏறும். இங்கே தொழில் நிமித்தம் வருகிறவர்கள்தான் அறைகளை நிரப்புகிறார்கள். ஆகவே திங்கள் முதல் வியாழன் வரை விலை அதிகம், வெள்ளி முதல் ஞாயிறு வரை பல இடங்களில் குறைவு. நீண்ட விடுமுறை வந்தால் உள்ளூர்க்காரர்கள் மைசூருக்கும் கூர்க்குக்கும் கிளம்பிவிடுவார்கள். நகரம் ஓய்ந்து கிடக்கும். பழைய ஊரை நடந்து பார்க்க அதைவிட நல்ல நாள் கிடையாது. விதிவிலக்கு: ஒற்றைப்படை ஆண்டுகளின் பிப்ரவரியில் எலஹங்காவில் நடக்கும் விமானக் கண்காட்சி, நவம்பரில் தொழில்நுட்ப மாநாடு. அந்த வாரங்களில் எல்லா விலையும் எகிறும். குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி லால்பாக் மலர்க் கண்காட்சி நடக்கும்போது பசவனகுடிப் பக்கம் கூட்டம் நெரியும்.

வந்து சேரும் வழி

சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் கண்டோன்மென்ட் பகுதியில் தங்குவதானால் கண்டோன்மென்ட் நிலையத்திலேயே இறங்குங்கள். பிருந்தாவன், லால்பாக் எக்ஸ்பிரஸ் இரண்டும் அங்கே நிற்கும். மல்லேஸ்வரம், பசவனகுடி என்றால் கடைசி வரை போய் கே.எஸ்.ஆர். நிலையத்தில் இறங்கி மெஜஸ்டிக்கில் மெட்ரோ. ஓசூர் வழியாகப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய உபகாரம் நடந்தது: பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை யெல்லோ லைன் திறந்தது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் மாட்டிக்கொள்ளாமல் பொம்மசந்திராவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ இறங்கி, ஆர்.வி. ரோட்டில் கிரீன் லைன் மாறினால் பசவனகுடி வந்துவிடும். விமானத்தில் வருகிறவர்கள், தேவனஹள்ளி விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் என்பதை நினைவில் வையுங்கள். கடைசி நாள் அதிகாலை விமானம் என்றால், பசவனகுடியைவிட பிரேசர் டவுன் பக்கம் தங்குவது உங்கள் தூக்கத்துக்கு நல்லது.

நம்மூர் ஆம்னி பஸ்கள் காலை ஐந்து ஆறு மணிக்கே இறக்கிவிடும். மெஜஸ்டிக் லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. எப்போது போனாலும் அறை கிடைக்கும். பூட்டிக் விடுதியில் அப்படி இல்லை. மதியம் ஒரு மணி, இரண்டு மணிக்குத்தான் செக்-இன். முதல் நாள் இரவுப் பஸ் ஏறுவதற்கு முன்பே போன் செய்து, சீக்கிரம் அறை தர முடியுமா, முடியாவிட்டால் பெட்டியை வைத்துவிட்டுக் குளிக்க ஓர் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். சின்ன விடுதியின் அருமை இதில்தான் தெரியும். மேலாளரே போனை எடுப்பார், அறை காலியாக இருந்தால் கொடுப்பார். பெரிய ஹோட்டலில் அரை நாள் வாடகை கேட்பார்கள்.

எதை எடுப்பது?

முதல்முறை வருகிறவர்கள், இரண்டு இரவு மட்டும் இருப்பவர்கள், எம்.ஜி. ரோடு, டிரினிட்டி, அல்சூர் மெட்ரோ நிலையங்களுக்கு நடக்கும் தூரத்தில் ஓர் இடம் எடுங்கள். கோயிலும் தோசையும் பூக்கடையும்தான் வேண்டும் என்பவர்கள் பசவனகுடிக்கே போங்கள்; விடுதி சுமாராக இருந்தாலும் தெரு ஈடுகட்டும். பெற்றோரோடு வருகிறவர்களுக்குத் தரைத்தளம், கீசர், பின்பக்கத்து அறை என்ற மூன்றும் இருந்தால் போதும். பழமை இரண்டாம் பட்சம். மூன்று நாளுக்கு மேல் இருப்பவர்கள் முதல் இரவை ஒரு பக்கமும் மற்றதை மறுபக்கமும் பிரித்துக்கொள்ளலாம். பெட்டி கட்டும் அலுப்பு இருக்கும், ஆனால் ஊர் முழுசாகக் கிடைக்கும்.

உண்மையான பழைய வீடு ஒன்றும் பழையதுபோலச் செய்த புதுக் கட்டடம் ஒன்றும் கிட்டத்தட்ட ஒரே விலையில் வந்து, உங்கள் வீட்டாருக்கு மாடிப்படி ஒரு தடையாக இல்லை என்றால், பழைய வீட்டையே எடுங்கள். கொஞ்சம் அதிகம் ஆனாலும் எடுங்கள். தனியார் பங்களா ஒன்றை உரிமையாளர் இடிக்க நினைத்தால் தடுப்பதற்கு வலுவான சட்டம் இந்த நகரத்தில் இல்லை. நிலத்தின் விலையோ வீட்டின் விலையைப் பல மடங்கு தாண்டிவிட்டது. ரெசிடென்சி ரோட்டில் பெரிய மரங்களோடு இருந்த விக்டோரியா ஹோட்டலை இடித்து அங்கே மால் கட்டினார்கள். மிச்சமிருக்கும் பங்களாக்களில் சில நிற்பதற்குக் காரணம், அவற்றின் அறைகளுக்கு ஆள் வருவதுதான். இடைத்தரகு இணையதளம் வழியாகப் போகாமல் விடுதிக்கே போன் செய்து பதிவு செய்யுங்கள். தரகுப் பணம் வீட்டைப் பராமரிக்கிறவர் கைக்கே போகும். ஓடு மாற்றவும் விட்டத்துக்கு எண்ணெய் பூசவும் அவருக்கு அந்தப் பணம் வேண்டும்.